எச்.ஐ.வி. தடுப்பு மருந்து உரியவர்களைச் சென்றடையச் சமூகப் பங்கேற்பு ஏன் தேவை?

தொற்றுக்கு முன்பே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையை, ஆபத்து மிகுந்த அனைவருக்கும் வழங்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. முறையாக உட்கொண்டால் உடலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கும் இம்மருந்துக்கு, விலைக்கு நிகரான தடை கூச்சம்தான் என்பது என் கருத்து. மாத்திரைப் புட்டி, எச்.ஐ.வி. சிகிச்சை பெறுபவரின் புட்டியைப் போலவே இருப்பதாலும், பையில் குலுங்கி ஓசை எழுப்புவதாலும், அதை உடன் எடுத்துச் செல்லவே பலர் தயங்குகின்றனர். இந்த நுணுக்கம் திட்டம் தீட்டுபவரைவிடப் பயன்படுத்துபவருக்கே நன்கு தெரியும். ஆகவே, பாலியல் தொழிலாளர்கள், திருநங்கையர், தன்பாலீர்ப்புடைய ஆண்கள் போன்றோரைத் தொடக்கத்திலேயே கலந்தாலோசித்து (பெயருக்கு ஒரு கூட்டம் நடத்துவது போதாது), அவர்களுள் சிலரை ஊதியத்துடன் வழிகாட்டிகளாக நியமித்து, பரிசோதனையையும் மருந்தையும் அவர்களுக்கு வசதியான நேரத்தில், நம்பிக்கையான இடத்தில் வழங்க வேண்டும். 2025-இல் பரிந்துரைக்கப்பட்ட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி புட்டிச் சிக்கலைத் தீர்க்கிறது. ஊசி போடுமிடத்தில் கிடைக்கும் மரியாதைக் குறைவை அது தீர்க்காது.