வியாபாரி போன் செய்வதற்கு முன்னால் தெரிய வேண்டும்

குமுளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏலக்காய் வியாபாரிகள் பில் போடும் சேவை எங்களுடையது. டாஷ்போர்டில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று நாற்பது கிராஃப், எல்லாம் பச்சை. ஆனால் பில் விழவில்லை என்று வியாபாரி போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது. இன்னும் என்ன மெட்ரிக் சேர்க்கலாம்?"

பில் விழுந்ததா, எவ்வளவு நேரத்தில் விழுந்தது? அந்த நாற்பதில் ஒன்றுகூட இதற்குப் பதில் சொல்லவில்லை, அதுதான் கோளாறு. எல்லா த்ரெட்டும் (கோரிக்கைகளைச் செய்து முடிக்கும் வேலையாட்கள் மாதிரி) டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காக வரிசையில் நிற்கும்போது சிபியு சும்மாதான் இருக்கும்.

வந்த கோரிக்கை எத்தனை, தோற்றது எத்தனை என்பதற்கு பிராமிதியஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளில் கவுன்ட்டர், அதாவது ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை, போதும். ரீஸ்டார்ட் ஆனால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதனால் வெறும் எண்ணைப் பார்க்காமல் செகண்டுக்கு எத்தனை என்று கணக்கிடும் ரேட் ஃபங்ஷன் வழியாகப் பாருங்கள்.

நேரத்துக்கு ஹிஸ்டோகிராம்: எத்தனை பில் எவ்வளவு நேரத்துக்குள் விழுந்தது என்று பக்கெட், அதாவது நேர வரம்பு, வாரியாக எண்ணுவது. சராசரியை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். 100 பில்லில் 95 பில் 100 மில்லி செகண்டில் விழுந்து, மீதி 5 பில் 8 செகண்ட் இழுத்தால் சராசரி 495 மில்லி செகண்ட், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டை ஏற்றிய ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்து பேர்தான் உங்களுக்கு போன் செய்கிறவர்கள். பி99, அதாவது 100-ல் 99 பில் எவ்வளவு நேரத்துக்குள் விழுந்தது என்ற அளவைப் பார்த்தால் அவர்கள் தெரிவார்கள். பக்கெட்டையும் நீங்களே வையுங்கள். பல லைப்ரரிகளில் இயல்பாக வரும் பக்கெட் 10 செகண்டோடு முடிகிறது, பில் 30 செகண்ட் இழுத்தாலும் பி99 பத்து என்றே காட்டும்.

அப்புறம் லேபிள், அதாவது ஒரு மெட்ரிக்கைப் பிரித்துப் பார்க்க ஒட்டும் குறிச்சொல். வியாபாரி ஐடியை லேபிளாக்கவே கூடாது. 3,000 வியாபாரி, 5 எண்ட்பாயின்ட் (கோரிக்கை வந்து சேரும் முகவரி), 12 பக்கெட் என்றால் 1,80,000 டைம் சீரிஸ், அதாவது மானிட்டரிங் சர்வர் தனித்தனியாகச் சுமக்க வேண்டிய எண் வரிசைகள். போன் நம்பரை லேபிளாகப் போட்டு, மெமரி தீர்ந்து மானிட்டரிங் சர்வரே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்; சேவைக்குள் என்ன நடக்கிறது என்று அன்று முழுக்கத் தெரியவில்லை. அந்த விவரமெல்லாம் லாகில் (நிகழ்வுப் பதிவில்) இருக்கட்டும்.

கனெக்‌ஷனுக்காகக் காத்திருப்பவை எத்தனை என்று ஒரு கேஜ் (ஏறி இறங்கும் அளவு) வையுங்கள், பி99 ஏறும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பழைய நாற்பதை அழிக்க வேண்டாம், இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினால் போதும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: கோரிக்கையே வராவிட்டால் எரரும் வராது. மலையில் மழை பெய்து நெட் போனால் உங்கள் கிராஃப் சுத்தமாக இருக்கும். புத்தடியிலோ போடியிலோ ஏலக்காய் ஏலம் நடக்கும் நேரத்தில் 10 நிமிடம் ஒரு பில்கூட விழவில்லை என்றால் அலெர்ட் அடிக்கும்படி வையுங்கள், இன்றைக்கே.