மண் பாதைக்கு புல்லட்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். காபித் தோட்டத்துக்குப் போய்வர ஆறேழு கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்துவிட்டால் வண்டி சேற்றில் வழுக்குகிறது. ஷாக் அப்சார்பர், சைலன்சர், ஹேண்டில்பார் என்று கடைக்காரர் பெரிய பட்டியல் கொடுத்திருக்கிறார். முதலில் எதை மாற்றுவது?
- ஏற்காடு வாசகர்

பதில்: டயரை. பட்டியலில் அது இல்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். உங்கள் வண்டிக்கு முன்னால் 90/90-19, பின்னால் 110/90-18. இதே அளவிலேயே தார், மண் இரண்டுக்கும் ஆகும், கட்டைப் பட்டன் போட்ட டயர்கள் கிடைக்கின்றன. பாதி தார், பாதி மண் என்று ஓட்டுபவர் பட்டன்களுக்கு இடையே அதிக இடைவெளி உள்ள முழுச் சேற்று டயரை வாங்க வேண்டாம். ஈரமான தார் வளைவில் அது பிடிப்பதில்லை, சீக்கிரம் தேய்ந்தும் போகும். கையில் ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன் டயரை மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுவதுதான்.

பார்க்க அகலமாக இருக்கிறது என்று பின்னால் பெரிய டயர் போடுபவர்கள் உண்டு. செயின் பக்கமும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) பக்கமும் குறைந்தது 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் இடையில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரத்தையே பிடித்துவிடும். அதே காரணத்துக்காக முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் மட்கார்டு தாங்கிகளுக்கு வாஷர் கொடுத்துத் தூக்கிவிடலாம்.

அடுத்தது காற்று. தார் ரோட்டுக்குச் சொல்லப்பட்ட அளவோடு மண்ணில் இறங்கினால் பின் டயர் கல்லின் மேல் பந்துபோல் குதிக்கும். தனியாக ஓட்டும்போது பின்னால் 22 முதல் 24 பவுண்டு, முன்னால் 18 போதும். அதற்குக் கீழே போகாதீர்கள். இது டியூப் டயர். காற்று குறைந்தால் ரிம்முக்குள் டயர் நழுவும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு அடியோடு கிழியும். வால்வு தண்டில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடியை ஒட்டி மேலேற்றி விட்டுவிடுங்கள். வால்வு சாய்ந்து நிற்பது தெரிந்தால் டயர் நழுவுகிறது என்று அர்த்தம். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். கைப் பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

டயருக்குப் பிறகு எடை. உங்கள் வண்டி 190 கிலோவை ஒட்டியது. தனியாகப் போகும் நாட்களில் பின் சீட்டையும் பக்கப் பெட்டிகளையும் கழற்றி வைத்தாலே வண்டி கைக்கு அடங்கும். அகலமான லெக் கார்டு நெருக்கமான பாதையில் பாறையில் மாட்டும், அடி பலமாக இருந்தால் ஃபிரேமின் முன் குழாயையே வளைக்கும். குறுகலான கார்டாக மாற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டு தரையில் தட்டும் என்றாலும் கழற்ற வேண்டாம், தனியாகப் பஞ்சர் பார்க்க அது வேண்டும்.

கேள்வி: என்னுடையது நான்கு கியர் உள்ள பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். கொல்லிமலைப் பக்கம் ஏற்றமான மண் பாதையில் முதல் கியரிலும் வேகம் அதிகமாக இருக்கிறது. பாதி கிளட்சில் ஓட்டினால் கருகிய வாடை. கிளட்ச் பிளேட்டை மாற்றினால் சரியாகுமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: புது பிளேட்டும் அதே வழியில்தான் கருகும். கியர் அமைப்பு இழுவைக்கு இல்லாமல் வேகத்துக்கு ஏற்றதாக இருப்பதுதான் நோய். உங்கள் வண்டியில் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) 38 பல், பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வருவது. அதனால் மாற்ற வேண்டியது கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை. 17 பல் இருந்தால் 16 போடுங்கள். விகிதம் 2.235-லிருந்து 2.375 ஆகும், இழுவை ஆறு சதவீதம் கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதே ஆறு சதவீதம் அதிகமாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இது ஒத்துவராது, மலைக்காரருக்கு ஒத்துவரும்.

வேலை சிறியதல்ல. இந்த ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, செயின்கேஸ் (கிளட்சை மூடியுள்ள இடது பக்கக் கூடு) ஆயிலை வடித்து, வெளிமூடியின் நடு நட்டைக் கழற்றி மூடியை எடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் கருவி) உள்ள வண்டியில் அதன் அசையாத சுருளான ஸ்டேட்டரும் உள்ளே சுழலும் ரோட்டரும் வெளியே வரும். கிளட்ச் பிளேட்டுகளை எடுத்தபின் எஞ்சின் ஸ்ப்ராக்கெட், பிரைமரி செயின் (எஞ்சினையும் கிளட்சையும் இணைப்பது), கிளட்ச் டிரம் மூன்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். பிறகு உள்மூடி. அதற்கப்புறம்தான் ஸ்ப்ராக்கெட் கண்ணில் படும். இவ்வளவு தூரம் போய்விட்டு அங்குள்ள ஆயில் சீலை மாற்றாமல் திரும்பி வராதீர்கள்.

மூடும்போது மூன்று விஷயங்கள். பிரைமரி செயின் நடுவில் 6 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் அதிகமாக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். ரோட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஸ்டேட்டர் போய்விடும். மூடியின் நடு நட்டை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. ஒழுகல் நிற்கும் என்று நினைத்து இறுக்குகிறார்கள், மூடி நெளிந்து ஒழுகல் அதிகமாகிறது.

ஒரு பல் குறைந்தால் பின் சக்கரம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னால் போகும். செயின் ஏற்கெனவே நீண்டு, அட்ஜஸ்டர் கடைசியில் நிற்கிறதென்றால் செயினையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த செயின் புது ஸ்ப்ராக்கெட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: பின்னால் இரண்டு அங்குலம் உயரமான ஷாக் அப்சார்பர் போட்டால் தரை இடைவெளி கூடும் என்கிறார்கள். உண்மையா?
- வால்பாறை வாசகர்

பதில்: பின்பக்கம் கூடும், முன்பக்கம் கெடும். பின்னால் தூக்கினால் ஃபோர்க் செங்குத்தாகும், இறக்கத்தில் ஹேண்டில் படபடக்கும். ஸ்விங் ஆர்ம் சாய்வு கூடி, செயின் அதன்மேல் உரசும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாய்ந்து, மென்மையான மண்ணில் விழும். 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏற்றினாலும், கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் தளர்ச்சியைச் சரிபாருங்கள். செயின் அதிகமாக இறுகும் நிலை அதுதான். ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கினால் தெரியும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள யூனிட் எஞ்சின் கிளாசிக்கில் முன் ஃபோர்க் 130 மில்லிமீட்டர் அசைகிறது, பின் ஷாக் 80 மட்டுமே. மண் பாதைக்கென்றே வந்த ஹிமாலயன் 411-க்கு முன்னால் 200, பின்னால் 180. அந்த இடைவெளியை உயரமான ஷாக் நிரப்பாது. வேகத்தைக் குறைத்து, மேடு பள்ளத்தில் நின்றபடி ஓட்டுவதுதான் வழி. அதற்கு ரப்பர் ஃபுட்ரெஸ்டுக்குப் பதில் பல் வைத்த, மடங்கும் இரும்பு ஃபுட்ரெஸ்ட் போடுங்கள். சற்று உயர்ந்த, அகலமான ஹேண்டில்பாரும் உதவும். அதை மாற்றியதும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சத்தம் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் குட்டை. அப்படியே ஓட்டுவது ஆபத்து.

கேள்வி: புல்லட் ரோட்டு வண்டிதானே, மண்ணுக்கு ஏன் இழுக்கிறீர்கள்?
- திருச்சி வாசகர்

பதில்: புல்லட்டின் பிறப்பிலேயே மண் இருக்கிறது. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், ஸ்விங் ஆர்ம் வைத்த முன்மாதிரி புல்லட்டை ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை (கரடுமுரடான பாதையில் காலூன்றாமல் ஓட்டும் போட்டி) புல்லட்டில் வென்றார். அவை எடை குறைத்து, உயர்ந்த சைலன்சரும் 21 அங்குல முன் சக்கரமும் வைத்துக் கட்டிய வண்டிகள். 2019-ல் ராயல் என்ஃபீல்டே அந்த நினைவில் புல்லட் டிரையல்ஸ் வெளியிட்டது.

கேள்வி: அப்படியானால் நானும் உயர்ந்த சைலன்சர் வைக்கலாமா? போலீஸ் பிடிக்குமா?
- கோத்தகிரி வாசகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபிரேமை வெட்டுவது, எஞ்சினை மாற்றுவது பக்கமே போகாதீர்கள். சத்தம் கூடிய சைலன்சரும் வேண்டாம். அதில் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும், காட்டோரத்தில் அந்தச் சத்தம் விலங்குகளுக்குப் பெரிய தொல்லை. அதற்கு ஆகும் பணத்தில் எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு போடலாம். புல்லட்டின் எஞ்சினுக்குக் கீழே ஃபிரேம் குழாய் கிடையாது, பாறை நேராக எஞ்சினைத்தான் அடிக்கும். 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளில் ரப்பர் வைத்துப் பொருத்தி, ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராக ஓட்டையும் சேறு வெளியேறப் பின்பக்கம் இடைவெளியும் விடுங்கள்.

கேள்வி: ஓடையைக் கடக்கும்போது வண்டி நின்றுவிடுகிறது. பழைய பிளாட்டினம் பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரச் செய்யும் தொடுமுனை) வண்டி.
- கூடலூர் வாசகர்

பதில்: பாயின்ட் மூடியின் ஓரத்திலும் பிளக் கேப்பிலும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் போனால் ஓட்டாமல் தள்ளிச் செல்லுங்கள். நடுவில் நின்றுவிட்டால் உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மிதித்தால் தண்ணீர் வெளியே வரும். பாயின்டைத் துடைத்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கிறதா பாருங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டினால் டிரம் காயும். வீட்டுக்கு வந்து செயின்கேஸ் ஆயிலைப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களுக்கு உபரி ஒன்றைப் பழையதை ஒட்டியே இழுத்து டேப் சுற்றி வையுங்கள். அறுந்தால் இரு முனைகளையும் மாற்றி மாட்டினால் போதும். 19 அங்குல டியூப் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் 18 அங்குலமாக இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை அது தாங்கும்.