எம்.ஏ.-பி: அருங்காட்சியகப் பதிவு எண்ணா?

உங்கள் ஓவியத்தின் பின்புறமுள்ள ‘எம்.ஏ.-பி’ (MA-B) குறி அருங்காட்சியகப் பதிவு எண்ணா என்று கேட்டீர்கள். இல்லை. அந்தக் குறியும் எண்ணும், ஆக்கிரமிப்புக்கால பாரிசின் ழூ த போம் கட்டடத்தில், கலைப்பொருள்களைக் கொள்ளையடித்த நாஜிகளின் ரோசன்பெர்க் பணிப்பிரிவு போட்டவை. யூதர்களின் வீடுகளைச் சூறையாடிய ‘மோபெல் ஆக்ட்சியோன்’ (அறைகலன் நடவடிக்கை) என்பதில் கைப்பற்றிய ஓவியங்கள் என்று பொருள். உரிமையாளர் பெயர் கிடைக்காமல் நீங்கள் திணறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பல வீட்டுப் படங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

ழூ த போம் பதிவு அட்டைகள் இணையத்தில் உள்ளன. எண்ணோடு, வெளிச்சட்டத்தை நீக்கி அளந்த ஓவியத்தின் உயர அகலத்தையும் சென்டிமீட்டரில் ஒப்பிடுங்கள். ‘எம்’மும் இரு புள்ளி வைத்த ‘யூ’வும் (Mü) சேர்ந்த எண் வேறு இருக்கிறதா? அது, போருக்குப் பின் மீட்ட கலைப்பொருள்களை நேசநாடுகள் திரட்டி வைத்த மியூனிக் சேகரிப்பு மையத்தின் எண். ஆனால் படம் உரியவரிடம் சேர்ந்ததற்கு அது சான்றாகாது. மையம் பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசிடமே ஒப்படைத்தது.

குறி வெளிச்சட்டத்தில் மட்டும் இருந்தால் எச்சரிக்கை: சட்டம் வேறு படத்துடையதாக இருக்கலாம். தயவுசெய்து பின்புறத்தைத் துடைக்காதீர்கள், சீட்டுகளைப் பிரிக்காதீர்கள்.