அழைப்பிதழில் ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

அக்கா இறந்து மூன்று வருடமாகிறது. அவள் மகனை நான்தான் வளர்க்கிறேன். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பாவோடு தொடர்பு இல்லை, நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நானும் அவனும்தான்.

பள்ளியில் அன்னையர் தின விழா வைக்கிறார்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து மேடையில் ஒரு விளையாட்டு விளையாட வேண்டுமாம். "சங்கடமாக இருந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்" என்று வகுப்பாசிரியை தனியாக அழைத்துச் சொன்னார். நல்லவர்தான். ஆனால் நேற்று அவன் பையில் ஒரு வாழ்த்து அட்டையைப் பார்த்தேன். 'அம்மா' என்று எழுதி அழித்திருக்கிறான். அதன்மேல் 'சித்தி' என்று எழுதி அதையும் அழித்திருக்கிறான். தாள் கிழிந்தேவிட்டது. இந்த விழாக்களையே நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கு எழுதலாமா? ஒரு பிள்ளைக்காக நாற்பது பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுப்பதா என்றும் தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

லீவு மட்டும் வேண்டாம். ஆசிரியை நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் வகுப்பு முழுக்க அந்தப் பேச்சாகத்தான் இருக்கும். "நீ ஏன் வரலை?" என்று ஒருவன் கேட்பான். காய்ச்சல் என்று இவன் ஒரு பொய் சொல்வான். அப்படிப்பட்ட பொய்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்பில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா ஒருவரை எழுதிவிட்டேன். கப்பல் என்றால் அவர் அடிக்கடி ஊருக்கு வர வேண்டியதில்லை, பாருங்கள். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். வகுப்பில் வாசித்தும் காட்டினார்கள். அப்புறம் இரண்டு வருடம் அந்தக் கப்பலை நான்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது எந்தத் துறைமுகம், எப்போது வருவார், என்ன வாங்கி அனுப்பினார் என்று தினம் ஒரு கேள்வி. 'என்னை வளர்த்தவர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தால் என் மாமாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பேன். ஒரு வரிகூடப் பொய் இருந்திருக்காது.

அதனால் விழாவை நிறுத்தச் சொல்லி எழுதாதீர்கள். நிறுத்தினால் யாரால் நின்றது என்பது பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அந்தப் பழி அவன் தலையில் விழும். மாற்றச் சொல்ல வேண்டியது அழைப்பிதழில் இருக்கும் ஒரு சொல்லை. 'அம்மாவை அழைத்து வா' என்பதை 'உன்னை வளர்ப்பவரில் ஒருவரை அழைத்து வா' என்று ஆக்கினால் போதும். அம்மா இருக்கிற பிள்ளை அம்மாவோடு வரும். அதன் சந்தோஷத்தில் ஒரு துளியும் குறையாது. நாற்பது பேரில் இவன் ஒருவன்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தாத்தா பாட்டியிடம் வளர்வது, தத்து வந்தது, அப்பா மட்டும் இருப்பது, இரண்டு அம்மாக்கள் இருப்பது, அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது என்று ஒரு வகுப்பில் எத்தனையோ இருக்கும். வாய் திறந்து சொல்லாததால் வெளியே தெரிவதில்லை.

இந்த நாட்களின் பூர்வீகம் தெரிந்தால் பள்ளிகள் இவ்வளவு கறாராக இருக்காது. தந்தையர் தினத்துக்காக முயன்றவர் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் வாழ்ந்த சொனோரா ஸ்மார்ட் டாட். அவருடைய அம்மா பிரசவத்தில் இறந்துவிட, பிள்ளைகளை அப்பா தனியாளாக வளர்த்தார். அவருக்கு மரியாதை செய்யத்தான் 1910 ஜூனில் அந்த விழாவை நடத்த வைத்தார். ஆக, தாயில்லாத ஒரு வீட்டிலிருந்து பிறந்த நாள் அது. 1908இல் அன்னையர் தினத்தைத் தொடங்கிவைத்த ஆனா ஜார்விஸுக்குக் குழந்தைகளே இல்லை. கடைக்காரர்கள் அதை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் அந்த நாளையே எதிர்த்துச் சண்டை போட்டவர் அவர். இன்றைய பள்ளி விழாவுக்கு இந்த இருவரும் வந்திருந்தால் வாசலிலேயே தயங்கி நின்றிருப்பார்கள்.

வேற்று நாட்டுக்கு ஏன் போக வேண்டும்? முருகனைப் பள்ளியில் சேர்த்தால் 'தாயார் பெயர்' என்ற ஒற்றைக் கோட்டில் ஆறு கார்த்திகைப் பெண்களையும் எப்படி எழுதுவது? பார்வதி பெயருக்கும் இடம் விட வேண்டும்.

'குடும்ப தினம்' என்று பெயர் மாற்றிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று சில பள்ளிகள் சொல்வதுண்டு. ஐநா சபையும் 1994 முதல் மே 15ஐ உலகக் குடும்ப நாளாகக் கடைப்பிடிக்கிறது. சரி, ஆனால் அன்றைக்குக் கொடுக்கிற குடும்ப மரத் தாளில் அம்மாவுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம் என்று முன்பே அச்சடித்திருந்தால் பெயர் மாறி என்ன பயன்? வெறும் மரத்தைக் கொடுத்தால் பிள்ளைகளே கிளை வரைந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், நாலைந்து வருடத்தில் உங்கள் வீட்டுக்கும் வரும். நாக்கைச் சுருட்ட முடிகிறதா என்று அம்மா அப்பாவிடம் பார்த்து எழுதி வா என்று அறிவியல் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். அது ஒற்றை மரபணுவால் வருவது என்று 1940இல் எழுதியவர் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியலாளர். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு முடிந்து மற்றவருக்கு முடியாமல் போவதும் உண்டு என்று 1952இல் தெரியவந்தது. பிறகு அவரே தம் கருத்தைக் கைவிட்டுவிட்டார். பாடம் மட்டும் விடாமல் தொடர்கிறது. பெற்றோரோடு வளராத பிள்ளைக்கு அந்தத் தாளில் எழுத ஒன்றும் இருக்காது. பெற்றோர் இருக்கிற பிள்ளைக்கோ, பொருந்தாவிட்டால் 'நான் இவர்கள் பிள்ளைதானா' என்று தேவையில்லாத பயம். அந்த வீட்டுப்பாடத்தை மட்டும் தாராளமாக எதிர்க்கலாம்.

இப்போதைக்கு ஆசிரியைக்கு நாலு வரி எழுதுங்கள். சுற்றறிக்கையில் அந்தச் சொல்லை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் "அம்மாவோட வாங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடாமல் உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடட்டும். "அம்மா மாதிரி" என்று யாரும் விளக்கம் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் அவனைக் கேட்டுவிடுங்கள். மேடை ஏறப் பிடிக்கிறதா, உங்களை எப்படி அழைக்க ஆசைப்படுகிறான், கீழே உட்கார்ந்து பார்த்தால் போதுமா என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லத் தெரியும்.

அட்டையைப் பார்த்ததை அவனிடம் மறைக்காதீர்கள். திட்டாமல், அழாமல், புதுத் தாள் ஒன்றைக் கொடுங்கள். இரண்டு வேண்டும் என்று கேட்டால் இரண்டு கொடுங்கள்.