வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா? ஆய்வுப் பயிற்சி எப்படி இருக்கும்?

தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் நீங்கள், வேலையை விட்டு முழுநேர ஆய்வில் சேரலாமா, சேர்ந்தபின் யார் என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வரலாற்றுத் துறையில் பட்டம் பெற்றவன் என்ற முறையில், இரண்டாவது கேள்விக்கே அதிகம் சொல்ல முடியும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் வரை தளர்வு உண்டு. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். அது மாதந்தோறும் வந்துவிடும் என்று நம்பி வீட்டு வாடகையை முடிவு செய்யாதீர்கள். எனக்கு ஒருமுறை ஏழு மாதத் தொகை சேர்ந்தாற்போல் வந்தது.

முதலாண்டில் கோர்ஸ் ஒர்க் என்னும் பாடப் பயிற்சி உண்டு. 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. வினாநிரல் தயாரிப்பது, மாதிரி எடுப்பது, அடிக்குறிப்பு எழுதுவது, ஆய்வு நெறிமுறை ஆகியவற்றை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். களப்பணிக்குச் செல்லும் சமூகவியல் மாணவருக்கு அது உதவியது. பின்னி மில் என்று ஊரார் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் 1921இல் நடந்த வேலைநிறுத்தத்தை ஆராய வந்த எனக்கு, தேவையான ஒன்றை மட்டும் அங்கே யாரும் கற்றுத் தரவில்லை: பழைய அரசுக் கோப்பை எப்படித் தேடுவது?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து, அரசாணை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு மேசைக்கு வரும். முதல் மூன்று மாதங்கள் ‘தொழிலாளர்’ என்ற தலைப்பின் கீழேயே தேடி, சில மெலிந்த கோப்புகளோடு விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் நிலவரி ஆவணங்களைப் படித்துக்கொண்டிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர்தான் ஒருநாள், “தம்பி, நீங்க தேடுறதுக்கு அந்தக் காலத்து அதிகாரி என்ன பேர் வெச்சிருப்பார்னு யோசிங்க” என்றார். வேலைநிறுத்தம் அன்றைய அரசுக்கு முதலில் காவல் பிரச்சினை. எனவே அந்த வேலைநிறுத்தத்தின்போது நடந்த புளியந்தோப்புக் கலவரம், போலீஸ், துப்பாக்கிச் சூடு என்று தேடத் தொடங்கியபின் மேசை நிறைந்தது. என் ஆய்வுப் பயிற்சி என்று நான் கருதுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அரசுக் கோப்பு ஒரு தரப்பின் குரல் மட்டுமே. 1918இல் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. ஆகியோர் முன்னின்று உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பக்கத்தை அறிய, அக்காலத் தமிழ் இதழ்களைத் தேடிக் கன்னிமாரா நூலகத்துக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அலைந்தேன். அவற்றோடும் முடியவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் இடையில் வேலைக்குத் திரும்பியதை, சங்கத்தின் சொற்களையே கடன்வாங்கி ‘துரோகம்’ என்று எழுதியிருந்தேன். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர் சார்பில் பேசியதை ஏன் அடிக்குறிப்பில் ஒதுக்கினீர்கள் என்று, என் ஆய்வை மதிப்பிடும் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த அத்தியாயத்தை முழுவதுமாகத் திருப்பி எழுத ஓராண்டு பிடித்தது.

ஆகவே நல்ல கேள்வி கேட்கும் நெறியாளரும் குழுவும் அமைவதே முக்கியம். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்பது விதி. புகழைவிட, கொடுத்த அத்தியாயத்தை அவர் எத்தனை நாளில் படித்துத் தருகிறார் என்பதை அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். அவர்களுடைய ஆய்வேடுகள் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இருந்தால் இரண்டையாவது படித்துப் பாருங்கள். நன்றியுரையை அல்ல, அடிக்குறிப்புகளை.

வேலையை இப்போதே விட வேண்டாம். நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுடன் பகுதிநேரமாகச் சேரவும் வழி உண்டு. அதற்கும் முன்பு, கோடை விடுமுறையில் பத்து நாள் எழும்பூரில் உட்கார்ந்து, உங்கள் தலைப்புக்குக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; கல்லூரியிலிருந்து ஓர் அறிமுகக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.