மேடைக்கு முன், மேடைக்குப் பின்: வாசகர் கேள்வி-பதில்

கல்யாணம், கோயில் திருவிழா, சமூக மன்ற விழா என்று சிங்கப்பூரில் பாடுபவர்களும் வாத்தியம் வாசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு போகும் மிருதங்கம், ஏர்கான் மண்டபத்தில் அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. புல்லாங்குழலோ இறங்கி நிற்கிறது. பாடகி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். யார் மேல் தப்பு?
– உட்லண்ட்ஸ் வாசகர்

யார் மேலும் இல்லை. ஒரே குளிர் இரண்டு வாத்தியத்தையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. வெளியே காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் ஊர் இது. அந்த ஈரத்தில் தளர்ந்திருந்த தோல், ஏர்கானின் வறண்ட காற்றில் இறுகி மேலே போகிறது. புல்லாங்குழலில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. அது குளிர்ந்தால் சுருதி இறங்கும். வெளியே 31 டிகிரி, மேடையில் 22 என்றால், ஊதாமல் வைத்திருந்த குழல் ட்யூனரில் ஏறக்குறைய 25 சென்ட் கீழே காட்டும். அதாவது அரைச்சுரத்தில் கால் பங்கு. காதுள்ளவர் எவரும் முகம் சுளிக்கும் அளவு. ஊத ஊத மூச்சுச் சூட்டில் கொஞ்சம் ஏறும். ஆனால் தனி ஆவர்த்தனத்தின்போது பத்து நிமிடம் மடியில் கிடந்தால் மறுபடி இறங்கிவிடும்.

எனவே அசையாத ஒன்றை ஆதாரமாக வையுங்கள். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோ கீபோர்டோ குளிருக்கு அசைவதில்லை. மண்டபப் பொறுப்பாளரிடம் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏர்கானைப் போடச் சொல்லுங்கள். வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து மேடையில் வைத்து, அரை மணி கழித்துச் சுருதி சேருங்கள். வந்ததும் சேர்த்தால் அந்த வேலை வீண். ஏர்கான் காற்று நேராக விழும் இடத்தில் மிருதங்கக்காரர் உட்காரவே கூடாது. மேடை அலங்காரம் செய்பவர் நாற்காலி போட்ட இடம் அதுவாகத்தான் இருக்கும், தயங்காமல் நகர்த்துங்கள்.

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையைத் தட்டும்போது ஒரே இடத்தில் அடித்து இழுக்காதீர்கள். ஓரத்தில் வார் நுழையும் 16 கண்களையும் தனித்தனியே தட்டிக் கேட்டு, எது விலகியிருக்கிறதோ அதையும் அதற்கு நேர் எதிரே உள்ளதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஓரப் பின்னலை மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், வார்ப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஏர்கானில் பெரும்பாலும் இறக்கும் வேலைதான். கல்லும் கட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இடது முகமான தொப்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் பிசைந்து ஒட்டும் ரவை காய்ந்து ஓரம் வெடித்தால் கும்கி என்ற கனத்த நாதம் போய்விடும். ஏர்கான் கச்சேரிக்கு ரவையை வழக்கத்தைவிடச் சற்றுத் தளரப் பிசையுங்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுக்கு ஒரு முறை விரலால் தொட்டுத் தடவுங்கள். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். ஈர ரவையோடு மூடினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் தோல் கெட்டுவிடும்.

வயலினும் இதே குளிரில் இரண்டு விதமாகப் படுத்தும். தந்தி சுருங்கி ஏறும். தந்தியை முறுக்கும் மரப் பிருடை வறட்சியில் சுருங்கி வழுக்கும். பிருடையில் கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்தால் பிடிக்கும். நாகஸ்வரக்காரர்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்து சத்தம் அடைபடுவதாகச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எப்போதும் ஈரமாக வைத்திருங்கள்.

கூட்டம் வந்து உட்கார்ந்ததும் மண்டபம் சூடேறும், மேடை விளக்கும் சேரும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் எடுத்துச் சுருதியை மறுபடி பாருங்கள். ரசிகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புளோக் கீழ்த்தளத்தில் பிறந்தநாள் விழா. பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. எங்கள் ஸ்பீக்கர்தான் காரணம் என்று கேட்டரிங்காரர் சொல்கிறார்.
– ஈசூன் வாசகர்

பெரும்பாலும் அவருடைய தண்ணீர் கொதிகலன்தான் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். 12 அங்குல பவர் ஸ்பீக்கர் இரண்டு, மிக்சர், கீபோர்டு, ஒரு கிட்டார் ஆம்ப் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது சராசரியாக 1,000 வாட்டைத் தொடுவதே அபூர்வம். டீ போடும் கொதிகலன் மட்டும் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். உணவைச் சூடாக வைக்கும் தட்டுகள் அதற்கு மேல். இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும்.

புக்கிங் எடுக்கும்போதே கேளுங்கள்: மின்சாரம் எங்கிருந்து வருகிறது, மேடைக்குத் தனி இணைப்பு உண்டா? கீழ்த்தளத்துக்குத் தற்காலிக மின்சாரம் வேண்டுமென்றால் விழா நடத்துபவர் நகர மன்றத்திடம் அனுமதி பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டுதான் எடுக்க வேண்டும். முதல் மாடி வீட்டு ஜன்னல் வழியாக வயர் இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுருளாக வரும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். பாதி சுற்றியபடி விட்டால் உள்ளே சூடேறி உருகும். பிளக் இணையும் இடம் தரையில் கிடக்கக் கூடாது. சாரல் அடித்துத் தரையில் தண்ணீர் ஓடினால் கசிவைக் கண்டு பாதுகாப்புச் சுவிட்ச் விழும். அப்படி விழுந்தால் துடைத்துக் காயவைத்த பிறகே மறுபடி போடுங்கள்.

இன்னொரு தொல்லை ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். கீபோர்டை ஒரு மூலையிலும் மிக்சரை வேறொரு மூலையிலும் சொருகினால் வரும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்சில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றுவது ஆளைக் கொல்லும் வேலை, எவ்வளவு இரைச்சல் வந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

இரவு 10.30 மணிக்குமேல் அமைதி நேரம் என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வழிகாட்டுதல். கடைசிப் பாட்டை 10 மணிக்குள் முடிக்கும்படி பட்டியல் போடுங்கள். கேக் வெட்டு தாமதமாகும், எப்போதும் தாமதமாகும்.

கெட்டி மேளம் சரியான நேரத்தில் விழவில்லை என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஐயர் கை காட்டியது எங்களுக்குத் தெரியவே இல்லை.
– சிராங்கூன் வாசகர்

தெரியாமல் போனதற்குக் காரணம் வீடியோகிராஃபர். தாலி எடுக்கும் நேரத்தில் படக்காரர்கள் மூன்று பேரும் உறவினர்கள் இருபது பேரும் கைபேசியோடு மணவறையை மறைத்து நிற்பார்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தவில்காரருக்கு முதுகுகள்தான் தெரியும்.

சடங்கு தொடங்குமுன் ஐயரிடம் போய், மாங்கல்ய தாரணத்துக்கு எவ்வளவு நேரம் முன்பு சொல்வார், கையால் காட்டுவாரா வாயால் சொல்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு குடும்பத்தில் ஒருவரைப் பிடியுங்கள். மாமா, சித்தப்பா யாராக இருந்தாலும் சரி, படம் எடுக்காதவராக இருக்க வேண்டும். ஐயரையும் உங்களையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் அவரை நிறுத்தி, ஐயர் சொன்னதும் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லுங்கள். டிஜே இருந்தால் அந்த நேரத்துக்கு அவர் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்க வேண்டும்.

நாகஸ்வரக்காரருக்கும் ஒரு வார்த்தை. தாலி நேரம் நெருங்கும்போது நீண்ட ஆலாபனையில் இறங்காதீர்கள். எந்த இடத்திலும் வெட்ட முடிகிற சின்ன உருப்படியாக இருக்கட்டும். மூன்றாம் முடிச்சோடு நிறுத்திவிடாமல் அட்சதை விழுந்து முடியும்வரை மேளம் போகட்டும். மங்கலத்துக்குச் சுருட்டி, மத்யமாவதி என்று வழக்கமானதே போதும்.

பேசிய தொகையில் பாதிதான் வந்தது. மீதிக்கு மூன்று மாதமாக ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே. ஏதாவது செய்ய முடியுமா?
– பிடோக் வாசகர்

வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். அழிக்காமல் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதிட முடியாது என்பதால் உங்களுக்குச் செலவு குறைவு. அதற்கு முன்னால், சுயதொழில் செய்பவர்களின் கட்டணத் தகராறுகளில் சமரசம் பேசும் டாடெம் என்ற முத்தரப்பு அமைப்பை அணுகலாம். எதிர்த் தரப்பும் வரச் சம்மதித்தால்தான் அது நடக்கும்.

அடுத்த புக்கிங்குக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: தேதி, புளோக் எண்ணோடு முகவரி, நீங்கள் வந்துசேரும் நேரம், முதல் பாட்டு, கடைசிப் பாட்டு, எத்தனை பேர், மைக்செட் யாருடையது, கூடுதல் அரை மணிக்கு எவ்வளவு, ரத்தானால் முன்பணம் யாருக்கு. பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். மீதியைக் கடைசிச் சுற்றுக்கு முன் இடைவேளையில் பேநவ் செய்யச் சொல்லுங்கள். விருந்து முடிந்தபின் பணம் கேட்டால் பணம் வைத்திருப்பவர் எப்போதும் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருப்பார். கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

எஸ் பாஸ் வேலை அனுமதியில் கப்பல் பட்டறையில் வேலை. ஊரில் தவில் வாசித்தவன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணங்களில் சம்பளத்துக்கு வாசிக்கலாமா, அண்ணா?
– துவாஸ் வாசகர்

கூடாது, தம்பி. உங்கள் பாஸ் அந்த முதலாளியிடம் அந்த வேலை செய்வதற்கு மட்டும்தான். பக்கத்தில் சம்பளம் வாங்கினால் உங்களுக்கும் சிக்கல், கூப்பிட்டவருக்கும் சிக்கல். வேறு ஏதாவது வழியிருக்கிறதா என்று மனிதவள அமைச்சிடமே கேளுங்கள், ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று சொல்லும் ஏஜெண்டிடம் கேட்காதீர்கள்.

பாடும்போது என் குரலே எனக்குக் கேட்பதில்லை. பாடுபவருக்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டினால் ‘கீ’ என்று அலறுகிறது.
– தெம்பனிஸ் வாசகி

எந்த மைக் என்று பாருங்கள். எஸ்எம்58 போன்ற, முன்னால் வரும் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் நேராகத்தான் காது மந்தம். மானிட்டரை அதன் வாலுக்கு நேராக வைக்க வேண்டும். பீட்டா 58 போன்ற, இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு அந்த இடம் பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் இருக்கிறது, அதனால் மானிட்டர் சற்றுப் பக்கவாட்டில் போக வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே வைப்பதுதான் பாதி அலறலுக்குக் காரணம்.

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். சினிமாப் பாடகர்களைப் பார்த்து வந்த பழக்கம் இது. பொத்தினால் எல்லாத் திசைச் சத்தமும் உள்ளே வரும். வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தூரம் போதும். மானிட்டரில் உங்கள் குரலும் சுருதியும் மட்டும் கேளுங்கள். டிரம்ஸ், தபலா எல்லாம் அதில் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லித்தான் அது சந்தைக்கடை ஆகிறது.

பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதி, ஆணுக்கு ஒன்று, ஒன்றரை என்று மாறி மாறிப் பாடும் மேடையில் கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை முந்தைய பாட்டில் விட்டபடியே அடுத்த பாட்டைத் தொடங்குவது வழக்கமான விபத்து. பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் கட்டையை எழுதி ஒட்டுங்கள்.

தவிலுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து நாகஸ்வரம் வாசிக்கிறேன். இரவில் காதில் ரீங்காரம்.
– ஜூரோங் வாசகர்

முதலில் பாலிகிளினிக் மருத்துவரைப் பார்த்துக் காது, மூக்கு, தொண்டை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். தள்ளிப்போட வேண்டாம். 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். பஞ்சு வைத்தால் பெரிய பலன் இல்லை. இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்த காதடைப்பு எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைக்கும், சுருதி கெடாது. தவில்காரரின் வலந்தலை உங்கள் காதை நேராகப் பார்க்காதபடி அரை அடி தள்ளி, கொஞ்சம் திரும்பி உட்காருங்கள்.

பகலில் அலுவலக வேலை, வார இறுதியில் கீபோர்டு. இந்தப் பணத்துக்கும் வரியா?
– பொங்கோல் வாசகர்

ஆம். சுயதொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். கவரில் வந்ததும் கணக்கில் சேரும். செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால், பகல் வேலையில் மத்திய சேமநிதி கட்டினாலும் இதற்குத் தனியாக மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் கட்ட வேண்டியிருக்கும். வாத்தியப் பழுது, தந்தி, கேபிள், மேடைக்குப் போன டாக்சி ஆகியவற்றைக் கழிக்கலாம். சொந்தக் காரின் பெட்ரோலும் பார்க்கிங்கும் கழியாது, பலர் தவறுவது இங்கேதான். ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் மங்கிப்போகும் ரசீதுகளை வாங்கிய அன்றே படம் பிடியுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். தையில் வரும் பணத்தை மாசியிலேயே புது கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டால் ஆடியில் கஷ்டம்.

ஸ்பீக்கர், ஸ்டாண்டோடு நள்ளிரவில் வீடு திரும்ப டாக்சிக்கே பாதி சம்பளம் போகிறது.
– செங்காங் வாசகர்

மீட்டர் டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 5.59 வரை 50 விழுக்காடு கூடுதல். 11.45-க்கு ஏறுவதற்கும் 12.05-க்கு ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கடைசிப் பாட்டு முடிந்ததும் படம் எடுக்க நிற்காமல் முதலில் கேபிளைச் சுருட்டுங்கள். விலை சொல்லும்போது போக்குவரத்தைத் தனி வரியாகச் சொல்லுங்கள். மொத்தத்தில் கலந்து சொன்னால் பேரம் பேசுபவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.