இ-பாஸ் எதை எண்ண வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடையில் ஊட்டி செல்ல இ-பாஸ் கேட்கிறார்கள். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என எல்லாவற்றையும் பதிய வேண்டியிருக்கிறது. நாளை செல்பேசியை வைத்தே கூட்டத்தைக் கணக்கெடுப்பார்கள் என்கிறார் நண்பர். நம்மைக் கண்காணித்துத்தான் காட்டைக் காக்க வேண்டுமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

நாம் எப்போது, எந்த வழியாக, எத்தனை பேர் போகிறோம் என்பது தெரியாமல் நீலகிரியைக் காக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நம் பெயர் எதற்கு?

2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸுக்கு உத்தரவிட்டபோது, சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு அதன்முன் இருந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்ற ஆய்வுக்கு அதுதான் வழிவிட்டது. 2025 கோடையில் வார நாட்களுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 என்று வரம்பும் வந்தது. தண்ணீருக்கும் குப்பைக்கும் இது நல்ல தொடக்கம்.

யானைக்கு இது போதாது. அது சாலையைக் கடக்கும் இடத்தில், கடக்கும் நேரத்தில் எத்தனை வண்டிகள் என்பதே அதன் வாழ்வைத் தீர்மானிக்கிறது. நீலகிரியை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டுச் சாலைகளை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடுவது அதனால்தான். 2020 ஊரடங்கின்போது உலகின் பல பகுதிகளில் 43 வகைப் பாலூட்டிகளின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதர்கள் நிறைந்த பகுதிகளில் அவை சராசரியாக 36 சதவீதம் சாலைக்கு நெருங்கி வந்தன என்கிறது. நாம் விலகியதும் வந்துவிட்டன! ஆகவே நாள் கணக்கோடு மணிக்கணக்கும் வேண்டும், சாலைவாரியாக.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அது முற்றிலும் நியாயமானது. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்பேசித் தரவை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒருவர் இருந்த நான்கு இடங்களும் நேரங்களும் தெரிந்தால் போதும். நூற்றில் 95 பேரைத் தனியே பிரித்துவிடலாம். பெயரை அழித்துவிட்டோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நம்பாதீர்கள். தனி மனிதரின் தடம் வனத்துறைக்குத் தேவையே இல்லை, கூட்டுத்தொகை போதும். இ-பாஸ் பதிவுகளைச் சீசன் முடிந்ததும் அழிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையை நாள்தோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இரண்டையும் நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே வேண்டாம். விற்ற டிக்கெட்டுகளை எண்ணினாலே அந்தக் கணக்கு கிடைத்துவிடும்.